பிடியும் வாதமும்

‘பிடிவாதம்’ என்னும் சொல்லில் பிடி முன்னே நிற்கிறது. வாதம் பின்னே வருகிறது. பிடிவாதக்காரரின் இயல்பும் அதுவே. முதலில் ஒன்றைப் பற்றிக்கொள்வார். பிறகே காரணம் தேடுவார். உறுதி இதற்கு நேர்மாறானது. அங்கே காரணம் முந்தும். அது பிழையெனத் தெளிந்தால் பிடி தளரும்.

சென்னை - அரக்கோணம் இருப்புப்பாதையிலிருந்து பட்டாபிராமில் இராணுவக் கிளைப்பாதை பிரிகிறது. தண்டவாளம் எஃகுதான், ஆயினும் பிரியுமிடத்தில் அதன் முனை நகர்ந்து கொடுக்கிறது. நகர்ந்தபின் அசையாது பூட்டப்படுகிறது. இரண்டில் ஒன்று தவறினும் பயணமில்லை.

“சொன்னது சொன்னதுதான்” என்ற ஒரு சொல்லால் அண்ணனும் தம்பியும் முகம் பாராதுபோன இல்லங்கள் நம்மிடையே உண்டு. அத்தகையோர், ‘எதைக் கேட்டால் என் மனம் மாறும்?’ எனத் தம்மையே வினவட்டும். விடை இருப்பின் அது உறுதி; இல்லையேல் வெறும் பிடியே.