சாயத் தொட்டியின் கணக்கு

ஆரணிப் பட்டுச் சேலையின் நிறம் தறிக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது. பாவுக்கும் ஊடைக்கும் நூலாக இருக்கும்போதே சாயம் போடுவதால், பட்டறையில் அளவு தவறினால் நெசவாளரால் அதைத் திருத்த முடியாது. அந்த அளவில் பாதி, மில்லிலிட்டரும் லிட்டரும் ஒன்றுக்கொன்று மாறும் கணக்குதான்.

அடிப்படை எளிது. 1,000 மில்லிலிட்டர் 1 லிட்டர். 1,000 லிட்டர் 1 கிலோலிட்டர். டெசிலிட்டர், சென்டிலிட்டர் எல்லாம் பட்டறைக்குத் தேவைப்படுவதில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று இரட்டித்து ஏறிய நம் பழைய அளவையும் அழகானதே; ஆனால் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956-இல் சட்டம் இயற்றி, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தார்கள்.

இந்த முறையின் பெரிய வசதி, லிட்டருக்கு நீளத்தோடும் எடையோடும் நேரடி உறவு இருப்பது. எல்லாப் பக்கமும் 10 செ.மீ. உள்ள பெட்டி கொள்வது 1 லிட்டர். ஆகவே 1 கன சென்டிமீட்டர், அதாவது ஊசிக் குழலில் 'சிசி' என்று சொல்வது, 1 மில்லி. தொட்டி 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், தண்ணீர் 50 செ.மீ. உயரம் என்றால், பெருக்கி வருவது 2,70,000. ஆயிரத்தால் வகுத்தால் 270 லிட்டர். அடிக்கணக்கில் அளந்தால் ஒவ்வொரு கன அடியையும் 28.3-ஆல் பெருக்க வேண்டும். டேப்பின் செ.மீ. பக்கத்தைப் பார்ப்பதே நல்லது.

1 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 கிலோ. அதனால் பட்டு ஒரு பங்கு, நீர் 30 பங்கு என்றால் 5 கிலோ பட்டுக்கு 150 லிட்டர். அதே தொட்டியில் 28 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரம்.

இனி சாயம். 10 கிராம் சாயத்தைக் கரைத்து, மொத்தம் 1 லிட்டர் ஆக்கினால் அது 1 சதவீதக் கரைசல். அதன் ஒவ்வொரு மில்லியிலும் 0.01 கிராம் சாயம். 10 கிராம் மாதிரி நூலில் 2 சதவீத நிறம் பார்க்க, அதாவது நூலின் எடையில் 2 சதவீதச் சாயம் சேர்க்க, 0.2 கிராம் போதும். அதைச் சாதாரணத் தராசில் நிறுக்க முடியாது. 20 மில்லி கரைசலாகக் குழாய் அளவையில் தவறாமல் அளந்துவிடலாம். 5 கிலோவுக்கு அதுவே 10,000 மில்லி, அதாவது 10 லிட்டர். இங்கே ஒரு சுழி விடுபட்டால் நூலுக்குப் பத்தில் ஒரு பங்கு சாயமே சேரும். அந்த 10 லிட்டரும் 150-க்குள் அடங்கும். ஊற்ற வேண்டிய வெறும் தண்ணீர் 140 லிட்டர்தான்.

5 கிலோ என்பது பசை நீக்கி உலர்த்திய பட்டின் எடை. கச்சாப் பட்டை அவித்துப் பசை எடுக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். கச்சா எடைக்குச் சாயம் போட்டால் மாதிரியைவிட நிறம் அழுத்தமாகிவிடும்.

மில்லியும் கிராமும் ஒன்று என்பது தண்ணீருக்கு மட்டுமே. அடர் கந்தக அமிலம் 100 மில்லி 184 கிராம். தூய அசிட்டிக் அமிலம் 105 கிராம். செய்முறையில் கிராம் என்றிருந்தால் அடர்த்தியால் வகுத்த பிறகே அளவையில் ஊற்ற வேண்டும். தண்ணீரும் சூட்டில் விரியும்: 30 டிகிரியில் ஊற்றிய 150 லிட்டர், 90 டிகிரியில் ஏறக்குறைய 155 லிட்டர் இடம் பிடிக்கும். ஆகவே அடுப்பு மூட்டுமுன் அளக்க வேண்டும். கொள்ளளவை எடையோடு இணைப்பதில் அறிவியலாளர்களுக்கும் சிக்கல் இருந்தது. 1901-இல் லிட்டரை 1 கிலோ தண்ணீரின் கொள்ளளவாக வரையறுத்தார்கள். அது 1,000 கன சென்டிமீட்டரைவிட 0.028 மில்லி கூடுதலாக அமைந்தது. 1964-இல் அந்த வரையறையைக் கைவிட்டார்கள்.

பட்டறைக் குறிப்பேட்டில் வெறும் '20' என்று எழுதாமல், '1 சதவீதக் கரைசல், 20 மி.லி., 10 கிராம் பட்டுக்கு' என்று முழுதாக எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே அரக்கு நிறத்தில் இன்னும் 3 கிலோ கேட்டாலும், 6 லிட்டர் கரைசல், 84 லிட்டர் தண்ணீர் என்று யாரும் கணக்கிட்டுவிடலாம்.