யமுனையும் கஞ்சியும்

1952இல் சென்னையில் சந்திரலேகாவின் அரங்கேற்றம் நடந்தது. குரு காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளை. ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்கான நிகழ்ச்சி அது. யமுனையின் நீர்விளையாட்டைச் சொல்லும் 'மதுரா நகரிலோ'வை ஆடிக்கொண்டிருந்தபோது, பத்திரிகைகளில் பார்த்திருந்த படங்கள் - பாளம் பாளமாக வெடித்த நிலம், கையில் தகரக் குவளையோடு தண்ணீருக்கு நிற்கும் வரிசை - அவர்முன் வந்து நின்றன. ஒரு கணம் உறைந்துபோனதாகவும் தான் இரண்டு ஆளாகப் பிளந்துவிட்டதாகவும் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கணம் அவரை விடவில்லை. மேடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகினார். களரியையும் யோகத்தையும் பரதத்தோடு ஒரே தளத்தில் வைத்துப் பார்த்த 'அங்கிகா' 1985இல்தான் வந்தது.

இந்தச் சம்பவத்தை நம்மிடையே சொல்லும்போதெல்லாம் ஒரு நீதிக்கதையின் தொனி வந்துவிடுகிறது. வறட்சி நிதிக்கு நீர்விளையாட்டு ஆடுவது பொய், அந்தப் பொய்யை உணர்ந்தவள் உண்மையான கலைஞி, அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது போதவில்லை. பொய் எங்கே இருக்கிறது? பாட்டில் யமுனை ஓடுவதிலா? அப்படியானால் வறண்ட ஊரில் மழைக்காகப் பாடுகிறவனும் பொய்யன்தான். இல்லாததை உண்டாக்கிக் காட்டுவதுதானே ஆட்டத்தின் வேலையே.

தென்காசிப் பக்கத்துக்காரனுக்கு இந்தக் கேள்வி வேறு உருவத்தில் பரிச்சயமானது. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவிலுள்ள மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குறவஞ்சியில் குறத்தி மலைவளம் பாடுகிறாள். அருவி, தேன், கனி, எல்லாம் பொங்கி வழிகின்றன. தமிழில் இவ்வளவு ஈரமான பாட்டு குறைவு. பாடி முடித்தவள் குறி சொல்வதற்கு முன்னால் என்ன கேட்கிறாள்? கஞ்சி. கஞ்சி இல்லாவிட்டால் கூழ். அப்புறம் வெற்றிலை பாக்கு, புகையிலை. வளத்தைப் பாடியவள் வயிறு காலி. ஆனாலும் யாரும் அவளைப் பொய்யள் என்று சொன்னதில்லை. நாம் சிரிக்கிறோம், அதோடு அவளை முழுசாக நம்பவும் செய்கிறோம். ஏனென்றால் பாட்டில் மலை இருக்கும் அதே இடத்தில் பசியும் இருக்கிறது. ஒளித்து வைக்கப்படவில்லை.

1952 மேடையில் பசி திரைக்கு வெளியே இருந்தது. நிதி என்ற பெயரில் கண்ணியமாக ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதுவும் வேறு யாருடையதோ பசி. பிளவு யமுனைக்கும் வறட்சிக்கும் நடுவில் ஏற்பட்டது என்பதைவிட, ஆடுகிற உடம்புக்கும் தாகப்படுகிற உடம்புக்கும் நடுவில் ஏற்பட்டது என்பதே சரி என்று நினைக்கிறேன். சந்திரலேகா பின்னால் உடம்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் யோசிக்காததுபோல் வேலை செய்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

(கவிராயருக்கு மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பேர். எழுதியவருக்கு நிலம், பாட்டுக்குள் இருப்பவளுக்குக் கஞ்சி. 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். அதில் கஞ்சி அபிநயமாயிற்று. குறை சொல்லவில்லை. ஆனால் எது எங்கே நழுவியது என்று பார்க்கவேண்டியிருக்கிறது.)

இங்கே எனக்குள்ள சங்கடம் வேறு. உறைந்துபோவதற்கு ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்தைப் பிற்பாடு வருஷக்கணக்கில் சுமந்து திரிய வசதி வேண்டும். எந்த ஸ்தாபனத்தையும் சேராமல், சீசனுக்குச் சீசன் எந்தச் செட்டு கூப்பிடுகிறதோ அதனோடு போய் ஆடுகிற உதிரிக் கலைஞருக்கு அது உண்டா? அட்வான்ஸ் வாங்கியாயிற்று. வேன் ஏறியாயிற்று. அவளுடைய சுதந்திரம் என்பது, யாருக்கும் சேவகம் செய்யாமல் பணம் கொடுக்கிற எல்லோருக்கும் சேவகம் செய்வது. இப்படி ஒரு சமயம் நான் எழுதியும் இருக்கிறேன். எழுதியது தப்பு. ஏழைக்கு அறப்பிரச்னை கிடையாது, வயிறு மட்டுமே உண்டு என்ற எண்ணம் அந்த வாக்கியத்துக்குள் பதுங்கியிருந்தது.

பல வருஷங்களுக்கு முன், குத்துக்கல்வலசையில் ஓர் அம்மன் கொடை. குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த மாதம். காற்றில் அந்த ஈரம் இருந்தது. நையாண்டி மேளம், கரகம். ஆடவந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு அதுதான் முதல் சீசன் என்று தவில்காரர் சொன்னார். இருபது வயது இருக்கலாம். தலையில் கரகம், அதன் உச்சியில் கிளி. கழுத்துக்குக் கீழே எல்லாம் அசைகிறது, கிளி மட்டும் அசையவில்லை. அந்த ஊர்ப் பேரிலேயே குத்துக்கல்லும் வலசையும் சேர்ந்து இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நள்ளிரவுக்கு மேல் கூட்டத்தின் குரல் மாறிற்று. ரூபாய் நோட்டை ஊக்கில் கோத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். அடுத்தது குறவன் குறத்தி. அதில் என்ன பேசுவார்கள், எங்கே கை வைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் கரகத்தை இறக்கிவைத்துவிட்டுத் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

செட்டின் பெரியவர் குனிந்து மெதுவாகத்தான் சொன்னார். "எம்மா, எந்திரி. துட்டு வாங்கியாச்சுல்லா."

"கரகம் ஆடுததுக்குத்தான வந்தேன் அண்ணாச்சி. விடியந்தட்டி ஆடச் சொல்லுங்க, ஆடுதேன். இது வேண்டாம்."

கூட்டம் கத்திற்று. அவளுடைய சேலை, கொலுசு, அதை யார் வாங்கிக்கொடுத்தது என்றெல்லாம் கேள்விகள் பறந்தன. கவிராயரின் சிங்கன் கேட்கிற கேள்விதான் இது. காணாமல் போயிருந்த சிங்கியைக் கண்டதும், இத்தனை நாள் எங்கே போனாய், உன் காலில் கிடக்கும் இந்த விரியன் பாம்பு ஏது என்கிறான். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்த பெண் ஒவ்வொரு நகைக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கவிராயர் அதை வேடிக்கையாக்கியிருக்கிறார். சிங்கி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள். குத்துக்கல்வலசைப் பெண் ஒன்றுக்கும் சொல்லவில்லை.

குறவன் குறத்தி என்ற பேரில் ஆடுவதைத் தமிழக அரசு 2023இல் தடைசெய்தது. ஒரு சமூகத்தை இழிவுசெய்வது நின்றதில் யாருக்கும் வருத்தம் இருக்க நியாயமில்லை. ஆனால் ஊக்கோடு முன்வரிசைக்கு வருகிறவன் பேரைப் பார்த்தா வந்தான்?

அன்று தவில்காரர் ஒரு காரியம் செய்தார். கூட்டத்தையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தனியாக வாசிக்க ஆரம்பித்தார். இருபது நிமிஷம், அரைமணி இருக்கலாம். கத்தினவர்களில் பாதிப்பேர் அடங்கினார்கள், சிலர் எழுந்து போனார்கள். பிறகு அவள் தானாகவே எழுந்து கரகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

இதைச் சந்திரலேகாவின் கணத்தோடு எடைபோட்டுப் பார்க்க முடியுமா? ஒருத்தி தான் காட்டுகிற நீருக்கும் உலகத்தின் தாகத்துக்கும் நடுவில் பிளந்தாள். மற்றவள் பிளக்க மறுத்தாள். கரகம் ஆடுகிறவளும் அதைக் கழற்றிவைத்தபின் இருக்கிறவளும் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டாள். முதலாவதுக்குப் பிரக்ஞை என்று பேர் கொடுத்து எழுதியிருக்கிறோம். இரண்டாவதுக்கு அந்த ஊரில் 'திமிர்' என்றார்கள். நான் அன்று கூட்டத்தில் ஒருவனாக ஒன்றும் சொல்லாமல்தான் நின்றேன். எழுந்துகூடப் போகவில்லை. அவள் மறுபடி ஆடுவாளா என்று பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஊக்கோடு நின்றவனின் ஆசையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று இன்னும் அளந்து முடிக்கவில்லை.

சாமிக்கு எடுக்கும் சக்திக் கரகத்தில் தண்ணீர் இருக்கும், மேலே வேப்பிலை. ஆட்டக்கரகத்தில் தண்ணீர் கிடையாது. கனம் நிற்பதற்காக மணலோ அரிசியோ போடுவார்கள். விடிந்தபின் வேன் பக்கத்தில் அவள் குந்தியிருந்து, கிளியையும் பூக்கூட்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, செம்பைக் கவிழ்த்தாள். அரிசிதான். ஒரு துணிப்பைக்குள் சிந்தாமல் கொட்டி, வாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.