பழைய பாக்கியும் புதிய மனுவும்

கடக்வாஸ்லா அணைக்கட்டில் நின்றால் ஒரு பக்கம் முட்டா நதியின் தேங்கிய நீர், மறுபக்கம் வயல்களை விழுங்கிக்கொண்டு வரும் அடுக்குமாடிகள். 2021-ல் புனே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 23 கிராமங்களில் கடக்வாஸ்லாவும் ஒன்று. சுற்றியுள்ள ஹவேலி தாலுகாவில் ஒரே வீட்டில் ஒருவர் வயலுக்கும் இன்னொருவர் நகரத்துக் கம்பெனிக்கும் போவது சாதாரணம். ஒரே ஆள் ஒரு வருடம் சம்பளக்காரராகவும் மறுவருடம் முழுநேர விவசாயியாகவும் மாறுவதும் உண்டு. உதவித்தொகைத் திட்டங்களின் விதிகள் இப்படிப்பட்ட வீடுகளில்தான் தடுமாறுகின்றன.

அப்படி ஒரு விவசாயியை எண்ணிப் பார்க்கலாம். ஒன்றரை ஏக்கர் நிலம். பிரதமர் கிசான் திட்டத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய், ஆண்டுக்கு 6,000. இடையில் புனேயில் வேலை கிடைத்து வருமான வரி கட்டுகிறார். முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வரி கட்டியவருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. ஆனாலும் தவணைகள் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கின்றன. நான்கு தவணை, 8,000 ரூபாய். தாசில்தார் அலுவலகத்திலிருந்து திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. அதற்குள் வேலை போய்விடுகிறது. கையில் இருந்தது மருத்துவச் செலவில் கரைந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து அவர் வெறும் விவசாயி. வரி கட்டவில்லை, எனவே தகுதி திரும்பிவிட்டது. பழைய 8,000 மட்டும் அப்படியே நிற்கிறது. அவர் மறுபடி மனுப் போடலாமா?

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்பது ஒரு கேள்வி. மனசாட்சி என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி.

கூடாது என்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதே ஊரில் அதே நோட்டீஸ் பெற்ற இன்னொருவர் நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டியிருப்பார். கட்டாதவருக்கும் தவணை வந்தால் நேர்மையாக நடந்தவர் ஏமாளி ஆகிவிடுகிறார். பொதுப்பணம் யாருடையதோ அல்ல. வரிசையில் நிற்கும் எல்லோருடையதும். தொகையும் சிறியதல்ல. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த கணக்குப்படி, கிசான் திட்டத்தில் தகுதியில்லாத 42 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் போயிருந்தது. இதில் தமிழ்நாட்டினர் 7.22 லட்சம் பேர், மகாராஷ்டிரத்தினர் 4.45 லட்சம் பேர்.

ஆனால் இந்த லட்சங்களுக்குள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். 2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் வெளிவந்த முறைகேட்டில், விவசாயமே செய்யாதவர்களை இடைத்தரகர்களும் கணினி மையத்தினரும் பட்டியலில் ஏற்றியிருந்தார்கள். தெரிந்தே பங்கு போட்டவர்கள் ஒரு பக்கம். எதில் சேர்க்கிறார்கள் என்றே தெரியாமல் ஆதார் அட்டையை நீட்டியவர்கள் மறுபக்கம். நோட்டீஸில் இருவருக்கும் ஒரே வாசகம் இருக்கலாம். அறத்தின் தராசில் இருவரும் ஒரே எடை இல்லை.

அரசே சில நேரம் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது. மகாராஷ்டிரத்தின் 'லாட்கி பஹின்' திட்டம் 2024 ஆகஸ்டில் புனேயின் பாலேவாடியில் தொடக்க விழா கண்டது. பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய். சில மாதங்களில் சுமார் 5 லட்சம் பேர் தகுதியற்றவர்கள் என்று நீக்கப்பட்டனர். அவர்களில் 2.30 லட்சம் பேர் ஏற்கெனவே சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் உதவி பெறுபவர்கள், 1.10 லட்சம் பேர் 65 வயதைக் கடந்தவர்கள். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கப்போவதில்லை என்று 2025 பிப்ரவரியில் அமைச்சர் அதிதி தட்கரே அறிவித்தார். அதே ஆண்டில், பெண்களுக்கான அந்தப் பணத்தை ஆண்களும் வாங்கியிருப்பது தெரிந்தபோது, அவர்களிடம் வசூலிப்போம் என்றார் துணை முதல்வர் அஜித் பவார். முதியவளின் தவறுக்கும் ஆணின் ஏமாற்றுக்கும் ஒரே தண்டனை வேண்டாம் என்பது சரியான உள்ளுணர்வுதான்.

உச்ச நீதிமன்றமும் ரஃபிக் மசீஹ் வழக்கில் 2014 டிசம்பரில் இதே திசையில் நடந்தது. அரசின் தவறால் கூடுதல் சம்பளம் பெற்ற கடைநிலை ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஐந்து வருடத்துக்கு மேல் அப்படிப் பெற்றுவந்தவர்கள் ஆகியோரிடம் அதைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்றது. அங்கே எடைபோடப்பட்டது, பிடித்தம் தரும் வலி அரசின் உரிமையைவிடப் பெரிதா என்பதே. 2016-ல் இன்னொரு வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுத்தவரை அந்த எழுத்து கட்டும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. கிசான் திட்டத்தில் சேர்ந்தவர்களும் தமக்குத் தகுதி உண்டு என்று உறுதிமொழி தந்தவர்கள்தான். ஆகவே கடக்வாஸ்லா விவசாயியின் 8,000 ரூபாய் மன்னிக்கப்பட வேண்டிய தொகை என்று சொல்லிவிட முடியாது. அது கடன்தான்.

கடன் என்பதால் இன்றைய தேவை இல்லாமல் போய்விடுமா? இங்கேதான் இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. பாக்கி, அவர் நேற்று தகுதியின்றிப் பெற்றதைப் பற்றியது. உதவி, அவர் இன்று இருக்கும் நிலையைப் பற்றியது. விதைக்கவும் உரம் வாங்கவும் கையில் காசில்லாதவரிடம் முதலில் பழையதைக் கட்டு என்றால், கட்ட முடியாதவருக்கு மட்டும் கதவு மூடுகிறது. வசதி உள்ளவர் கட்டிவிட்டு உள்ளே வருகிறார். ஏழைக்கென்று தொடங்கிய திட்டம், ஏழையாக இருப்பதையே குற்றமாக்கிவிடுகிறது.

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை முதன்முதலாக 1,000 ரூபாய் வந்தபோது, சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதிலிருந்தே பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரித்தார். வங்கிக்கு வரவேண்டியது வரவேண்டியதுதான். ஆனால் அடுப்புக்கு என்று வந்த பணத்தில் அதை எடுப்பது முறையல்ல என்பது தமிழ்நாட்டு வீடுகளில் யாரும் விளக்காமலேயே புரிந்தது.

பாக்கியே பொய்யாக இருக்கவும் கூடும். ஆஸ்திரேலியாவில் ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கி, கணினி மூலம் ஏழைகள் தலையில் கடன் சுமத்திய 'ரோபோடெட்' திட்டம் சட்டவிரோதம் என்று தெரிந்து, லட்சக்கணக்கான கடன்கள் ரத்தாயின. நோட்டீஸ் வந்ததாலேயே ஒருவர் கடனாளி ஆகிவிடுவதில்லை. கணக்கைக் காட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

எனவே பாக்கி இருக்கும்போது மனுப் போடுவது தவறல்ல. பாக்கியை மறைத்து மனுப் போடுவதுதான் தவறு. வங்கிக் கணக்கை மாற்றியோ, நிலத்தை மனைவி பெயரில் எழுதியோ புதிய ஆளாக நுழைபவர், தன் தேவைக்குக் கிடைக்கும் நியாயத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறார். "இவ்வளவு பாக்கி இருக்கிறது, இப்படிக் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுப்பவர், நகையை அடகு வைத்துக் கட்டிய பக்கத்து வீட்டுக்காரர் முன்னாலும் நிமிர்ந்து நிற்க முடியும். அரசின் பங்கு, அந்தக் கட்டும் வழியைத் தாங்கக்கூடியதாக வைப்பது. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் உதவியிலிருந்து கடனுக்காகப் பிடிக்கும் உச்சவரம்பு, 2025 ஏப்ரலில் அடிப்படைத் தொகையின் 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. கடனும் நிற்கிறது, உதவியும் வருகிறது.

ஹவேலி தாலுகாவில் இதுபோல் செய்தால் கணக்கு எளிது. ஒவ்வொரு 2,000 ரூபாய்த் தவணையிலும் 500 பிடித்தால் 8,000 தீர 16 தவணைகள். ஐந்து வருடம் நான்கு மாதம். அந்தக் காலம் முழுக்க 1,500 ரூபாய் விதைக்கும் உரத்துக்கும் போய்க்கொண்டிருக்கும். பதினேழாவது தவணையில் முழு 2,000 அவர் கணக்கில் விழும்.