ஒகேனக்கல் யாருடைய சொத்து?



விடுமுறை வந்ததும் நம்மில் பல குடும்பத்தார் ஒகேனக்கல்லுக்குப் போய் வருகிறார்கள். போவது நல்லதே. உழைத்துக் களைத்த சரீரத்துக்கு இளைப்பாற்றி தருவதும், பிள்ளைகளுக்குச் சிருஷ்டியின் மகத்துவத்தைக் காட்டுவதும் சர்வேசுரனுக்கு உகந்த காரியங்கள். காவேரி பாறைகளின் மேல் பிளந்து விழுந்து, நீர்த்துளிகள் புகையாய் எழும்புவதைக் கண்டே கன்னட மொழியில் ‘புகையும் கல்’ என்னும் பொருளில் அவ்விடத்துக்குப் பெயரிட்டார்கள்.

ஆனால் ஒரு கேள்வி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, வறுத்த மீனும் சோறும் உண்டு, பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் பாறை இடுக்கில் எறிந்துவிட்டு வருகிறோமே, அது பாவமா? “அது யாருடைய வீடும் அல்லவே, நான் எவன் பொருளைக் கெடுத்தேன்?” என்று சிலர் சொல்லக்கூடும்.

ஒருவனுக்கும் சொந்தமல்லாதது வேறு; எல்லாருக்கும் சொந்தமானது வேறு. திருச்சபை 1992-ம் ஆண்டு வெளியிட்ட ஞானோபதேசம், களவு செய்யாதிருக்கக் கட்டளையிடும் ஏழாம் கற்பனையை விளக்குமிடத்தில், சிருஷ்டிப் பொருட்களையும் மதிக்கும்படி கற்பிக்கிறது. முன்னிருந்தோர், இப்போதிருப்போர், இனி வருவோர் ஆகிய சகலருடைய பொது நன்மைக்காகவும் அவை ஏற்பட்டவையாம்.

அப்படியானால் ஒகேனக்கல்லின் உடைமைக்காரர் யார்? உடைந்த கண்ணாடி கிடக்கும் கரையில் வெறுங்காலோடு பரிசலைத் தூக்கி நடக்கும் தொழிலாளி ஒருவர். கிணற்று நீரிலுள்ள புளோரைடினால் பல்லும் எலும்பும் கெட்டு வருந்திய நம் ஜில்லா ஜனங்கள். 2013 முதல் இந்த ஆற்று நீரே குழாய் வழியாக அவர்களுக்கு வருகிறது. 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீரை நம்பிப் பயிர் செய்யும் தஞ்சை உழவர்கள். இன்னும் பிறவாத பேரப்பிள்ளைகள். 2022-ல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அரசாங்கத்தார் பாதுகாத்த காட்டையும் ஆற்றையும் நம்பி வாழும் நீர்நாய், ஆமை முதலிய வாயில்லா ஜீவன்களையும் சிருஷ்டிகர் மறக்கிறதில்லை.

“நான் ஒருவன் எறிவதால் என்ன?” என்பீர்களோ? சிறு களவுகள் பல சேர்ந்து பெருங்களவாகும் என்று வேதசாஸ்திரிகள் போதிக்கிறார்கள். சிறு துளி பெருவெள்ளம் என்பது புண்ணியத்துக்கு மட்டுமல்ல, பாவத்துக்கும் பொருந்தும்.

களவு செய்தவன் மனஸ்தாபப்பட்டால் மட்டும் போதாது. எடுத்ததைத் திரும்பக் கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறான். உடையவன் இன்னான் என்று தெரியாவிட்டால் ஏழைகளுக்கோ பொது நன்மைக்கோ கொடுத்து ஈடு செய்யவேண்டும். ஆகையால், அடுத்த முறை போகும்போது ஒரு கோணிப்பையும் கொண்டு போங்கள். உங்கள் குப்பையோடு, முன் வந்தவன் போட்ட குப்பையையும் கூடுமான அளவு பொறுக்கி எடுத்து வாருங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும். “தோத்திரம் ஆண்டவரே” என்று அருவியைப் பார்த்து வாயால் சொல்வது எளிது. குனிந்து எடுக்கும் கையும் அதே தோத்திரத்தைச் சொல்லட்டும்.