பாதி அடைப்பு

தீபாவளிக்கு முறுக்கு சுட்ட மறுவாரம் எங்கள் வீட்டு சிங்க் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முழு அடைப்பு இல்லை. தண்ணீர் இறங்கும், ஆனால் மெதுவாக, 'குளுக் குளுக்' என்ற சத்தத்தோடு. "இறங்குதுல்ல, விடும்மா" என்று சொன்னது நான்தான். மிச்ச எண்ணெயைச் சட்டியோடு அதில் கவிழ்த்ததும் நான்தான்.

சூடான எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடிவிடும். குழாய்க்குள் ஆறியதும் சுவரில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். சோற்றுப் பருக்கையும் தேயிலைத் தூளும் அதன்மேல் படியும். வீவக புளோக்கில் மேலும் கீழுமாக ஒரே வரிசையில் இருக்கும் சமையலறைகளுக்குக் கழிவுக்குழாய் பொது. மேல்மாடியில் நான் ஊற்றியது கீழ்வீட்டு மக்சிக்கின் சிங்க்கில் பொங்கலாம். யார் செய்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஆள் தெரியாவிட்டால் அது என் வினை இல்லையா?

இதற்குப் பதில் எனக்கு வேறு விதமாகக் கிடைத்தது. அம்மா வேண்டாம் என்று சொல்லியும், ஓர் இரவு அடைப்பு நீக்கும் ரசாயனத்தை ஊற்றினேன். பலனில்லை. மறுநாள் பிளம்பர் வந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன். குனிந்தபடியே கேட்டார்: "தம்பி, உள்ள மருந்து ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

அம்மா பக்கத்தில் நின்றார். "இல்லண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் வெறுங்கையால் சிங்க்குக்கு அடியில் இருந்த வளைகுழாயைத் திருகத் தொடங்கினார். அதில் தேங்கியிருந்தது காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர். தோலைப் பொசுக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

"அண்ணே, நில்லுங்க! நான் ஊத்தினேன்."

அவர் திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

'காசு கொடுக்கிறோமே' என்று சிலர் கேட்பார்கள். காசு அவர் வேலைக்குத்தான். நான் மறைத்த ஆபத்துக்கு எந்தக் காசும் ஈடாகாது.

இந்த ஊரில் 1987 வரை வாளியில் கழிவு சுமந்தவர்கள் இருந்தார்கள். இன்று 48 கிலோமீட்டர் ஆழ்சுரங்கக் குழாய் சாங்கி வரை கழிவுநீரைக் கொண்டுபோகிறது. அதில் ஒரு பகுதி சுத்தமாகி நியூவாட்டராகத் திரும்பியும் வருகிறது. எல்லாம் தானாக நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் குழாய் அடைத்தால் இன்றும் ஒரு மனிதரின் கைதான் உள்ளே போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் காலைக் கழுவிவிட்டு உள்ளே போகிறோம். அதே வரிசையில் அந்த அண்ணனைப் போன்றவர்களும் நிற்கிறார்கள். அவர்கள் கையைப் பொசுக்கப் பார்த்த பொய்யோடு நான் சாமி கும்பிட்டால், கால் கழுவியதில் என்ன சுத்தம்?

இப்போது எங்கள் வீட்டில் மிச்ச எண்ணெயை ஆறவைத்து, பழைய நாளிதழில் ஊறவிட்டு, கட்டிக் குப்பையில் போடுகிறோம். அது சுலபம். கேட்டவரிடம் உடனே உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம். அந்த அடைப்பும் முதலில் பாதிதான் இருக்கும். அப்போதே எடுத்துவிட வேண்டும், நண்பர்களே.