மழலையர் ஒழுகலாற்றை அளத்தல்

மூன்று முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழவிகள் பிறரொடு கூடி ஒழுகுந் திறத்தை எண்ணால் அளக்கும் முறை மேனாடுகளில் வழங்குகின்றது. அவ்வெண் குழவியின் இயல்பை அறிவிக்குமோ, பிறிதொன்றை அறிவிக்குமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இத்துறையில் முற்பட்டாருள் ஒருவர் அமெரிக்க நாட்டு மில்திரெட் பார்ட்டன் அம்மையார். இவர் 1932இல் வெளியிட்ட கட்டுரையில், வாளாவிருத்தல், தனித்தாடல், பிறர் ஆடல் கண்டிருத்தல், அருகிருந்தும் தன்போக்கில் ஆடல், கலந்தாடல், ஒருங்குகூடி ஒத்தாடல் எனக் குழவிகள் ஆட்டத்தை ஆறாக வகுத்தனர். வயது ஏறுந்தோறும் கூடியாடல் மிகுதல் கண்டனர். அதுகொண்டு, தனித்தாடுங் குழவி வளர்ச்சி குன்றியது எனக் கருதுவாரும் உளராயினர். தனியேயிருந்து கட்டைகளை அடுக்கி வீடு கட்டுங் குழவி கருத்தூன்றி முயல்வதாதலுங் கூடுமாகலின், அக்கருத்துப் பொருந்தாமை பிற்றை ஆராய்ச்சிகளாற் புலனாயிற்று.

பின்னர் லாபிரெனியர், துமா என்னும் இருவர் 1996இல் முப்பது கூற்றுக்கள் கொண்ட அளவையொன்றை வெளியிட்டனர். ஆசிரியர் குழவியை நோக்கி ஒவ்வொரு கூற்றிற்கும் எண் இடுவர். கூடியொழுகுந் திறன், சினந்து தாக்குதல், அஞ்சி ஒதுங்குதல் என்னும் மூன்றும் இதனால் அளக்கப்படும்.

அளப்பார் பலராயவழி அளவு ஒக்குமோ எனின், ஒவ்வாது. சிறாரும் இளைஞரும் உடைய நடத்தைக் குறைகள் பற்றிய 119 ஆராய்ச்சிகளை அக்கென்பாக் முதலியோர் 1987இல் தொகுத்து நோக்கினர். முழுவொற்றுமையை 1 எனக் கொள்ளின், தாயும் தந்தையும் போல ஒருநிலையில் நின்று காண்பார் கணிப்புக்களின் இயைபு 0.60 அளவிற்று, பெற்றோரும் ஆசிரியரும் போல வேறுநிலையில் நின்று காண்பார்க்கு அது 0.28 அளவே.

அற்றேல், இவ்வளவை பொய்யென்று தள்ளுதும் எனின், அற்றன்று. வீட்டில் வாய் ஓயாத குழவி பள்ளியில் ஊமைபோல் இருத்தல் யாவரும் அறிந்தது. தாய் கண்டதும் மெய். ஆசிரியர் கண்டதும் மெய். சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கியல்பு என்னும் சித்தாந்திகட்கு இது வியப்பன்று. செம்மலரை அடுத்த படிகம் சிவந்து தோன்றுதல்பற்றி அதனைச் செங்கல் என்பார் இலர்.

உயிர்க்கு மலக்குற்றம் உண்டாகலின் எல்லாவற்றையுஞ் சார்பின்மேல் ஏற்றல் யாங்ஙனம் எனின், கூறுதும். குழவிகள் பிறப்பிலேயே வேறுவேறு இயல்பின என்பதை யாமும் மறுத்திலேம். ஆயினும் முப்பது கூற்றுக்களில் அகப்படுவது, ஓரிடத்து ஒருபொழுது புறத்தே தோன்றிய நடத்தையே. அதனை உயிரின் இயல்பென்று ஏட்டில் எழுதி, 'இது முரட்டுக் குழவி' எனப் பெயருமிடின், அப்பெயரே அதற்கு மற்றொரு தீய சார்பாய் விடும்.

இவ்வளவையால் விளையும் நலமும் உண்டு. அடித்தாடுங் குழவியை ஆசிரியர் தாமே காண்பர். மூலையில் அஞ்சியிருப்பதோ எவர்க்கும் இடர் செய்யாமையின் மறக்கப்படும். முப்பது கூற்றுக்களையும் ஒவ்வொரு குழவிக்கும் வைத்து நோக்கவே, அதுவும் கண்ணிற்படும்.

ஆகலின், அளக்க, ஒருவர் கணிப்பொடு அமையாது தாயையும் உசாவுக, கண்ட குறைக்குக் குழவியைச் சூழ்ந்த சார்பினை முதற்கண் திருத்துக. இதுவே அறநெறிக்கு ஒத்தது என்பது எம் துணிபு. அறிஞர் ஆராய்ந்து கொள்க.