பார்வையின் விலை

திரினிதாதின் அரிமா பள்ளத்தாக்கில் பழைய கோகோ-காப்பித் தோட்டம் ஒன்று 1967இல் ஆசா ரைட் இயற்கை மையமாயிற்று. பறவை பார்க்க வந்தவர்கள் விடுதியில் தங்கித் தந்த பணம் மழைக்காட்டைக் காத்தது. அங்கே ஒரு குகையில் எண்ணெய்ப் பறவைகள். முன்பு இவ்வினத்தின் குஞ்சுகளைக் கொன்று, கொழுப்பை உருக்கி விளக்கெரித்தார்கள். இன்று இவை கண்ணுக்கு விருந்து. உபயோகம் மாறியிருக்கிறது, உபயோகம் என்கிற மதிப்பீடு மாறவில்லை.

குறையாகச் சொல்லவில்லை. கோடரியைவிடத் தொலைநோக்கி மேல். ஆனால் 2020இல் கொள்ளைநோயால் எல்லைகள் மூடப்பட்டன, பார்ப்பவன் வரவில்லை. அப்போது காடு இருப்பதற்கு என்ன நியாயம்? பார்வையையே நியாயமாகக் கொண்டவனிடம் பதில் கிடையாது. பறவையோ இரவில், யார் கண்ணிலும் படாமல், பழம் விழுங்கி விதை உமிழ்கிறது. காடு முளைப்பது அந்த இருட்டில். பணம் அதற்கு வேலியாகட்டும். காரணமாக வேண்டாம் என்கிறேன்.